தேதி போடாத ஐஸ்கிரீம் கப்

தூத்துக்குடி
செப்டம்பர் 14

அன்பு மகள் ரேச்சலுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் தந்த சுகத்தோடு நானும் அம்மாவும் இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. மெல்போர்னில் நீயும் ரோச்சும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபத்தில் சொல்கிறோம். அவன் பெயரை அம்மா மட்டும் சொல்லிவந்தாள், இப்போது நானும் சொல்கிறேன். நாலு வருஷமாகப் பேசாத அப்பா திடீரென்று எழுதுகிறாரே என்று பயப்படாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. நீ அம்மாவிடம் வீடியோவில் பேசும்போதெல்லாம் நான் அடுத்த அறையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். போனில் எனக்குக் குரல் எழும்பாது, அதனால்தான் கடிதம்.

போன மாதம் நாசரேத்தில் உன் சித்தப்பா நேசக்குமாரின் மகள் ஜெபசுதாவுக்குக் கல்யாணம். போகக் கூடாதென்றுதான் இருந்தேன். வீட்டைப் பாகம் பிரித்தபோது அவன் செய்ததை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதுமில்லை. அம்மா அழுததால் போனேன். சாப்பாடு சரியில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் நன்றாகவே இருந்தது. பந்தி முடிந்து வருகிறவர்களுக்குப் பெண்ணின் தகப்பன் தன் கையால் ஐஸ்கிரீம் கொடுப்பது நம் வீட்டு வழக்கமல்லவா, அவனும் வாசலில் மேசை போட்டு நின்று கொடுத்தான். கப்பில் மணமக்கள் பெயரும் தேதியும் நீல நிறத்தில் அச்சடித்திருந்தது. நான் ஒன்று வாங்கும்போது உன் பர்னபாஸ் மாமா நாலு பேர் கேட்க, அத்தான், ரெண்டா வாங்கிக்கிடுங்க, உங்க வீட்டு ஐஸ்கிரீம்தான் ஆஸ்திரேலியாவுலயே உருகிப் போச்சே என்றான். உன் அம்மா, ஏலே வாய மூடுலே என்று தம்பியை அதட்டினாள். நான் மரக்கரண்டியால் கடைசிவரை தின்றுவிட்டு, கப்பைக் கைக்குட்டையால் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கோபத்தில்தான் எடுத்தேன், ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கோபம் பர்னபாஸ்மேல் நிற்கவில்லை, என்மேலேயே திரும்பியது. கீழவைப்பாரிலிருந்து ரோச்சின் அப்பா பெண் கேட்டு வந்தபோது உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாமல் வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான். பிறகுதானே நீங்கள் சென்னையில் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு போனீர்கள். கத்தோலிக்க ஆர்.சி. குடும்பத்தில் சம்பந்தம் வேண்டாம் என்றது என் அபிப்பிராயம், அதை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு மனுஷனை நிற்க வைத்து அனுப்பியது கெட்ட குணம்.

மறுநாள் அந்தக் கப்போடு இன்பமணி கடைக்குப் போனேன். பேப்பர் கப்பும் தட்டும் விற்கிறவன், பெயர் அச்சடித்தும் கொடுப்பான். ரேச்சல் – ரோச் என்று எழுதிக் கொடுத்தேன். ஆயிரத்துக்குக் குறைந்து அடிக்க மாட்டார்களாம், சரி என்றேன். தேதி கேட்டான். அந்த இடம் வெறுமையாக இருக்கட்டும் என்றேன். என்ன அண்ணாச்சி, ஃபங்ஷன் நடக்கா இல்லையா, தேதி இல்லாத கப்ப நான் பாத்ததே இல்லயே என்று ஒரு மாதிரி பார்த்தான். மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். முப்பது வருஷமாகக் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் இருக்கிறேன், நாள் சொல்லாத கப்பலுக்கு ஒருநாளும் துறைமுகத்தில் நிறுத்த பெர்த் கேட்டதில்லை. இப்போது நாலு அட்டைப்பெட்டி உன் அறையில் கட்டில்மேல் இருக்கிறது. அம்மா கட்டில் விரிப்பைப் புதிதாக மாற்றினாள். சின்ன வயதில் நீ மூடியின் உட்புறத்தை நக்கி முடித்த பிறகுதான் கப்பைத் தொடுவாய், மூக்கு நுனியில் வெள்ளையாக ஒட்டியிருக்கும். இதற்கும் மூடி உண்டு, சேர்த்தே வாங்கிவிட்டேன்.

இந்த உப்புக்காற்றில் ஆறேழு மாதத்துக்கு மேல் காகித விளிம்பு நமத்துவிடும், பிடித்தால் கையோடு நசுங்கும் என்கிறான் இன்பமணி. ஆகவே உங்கள் லீவு பார்த்து இங்கே கல்யாண விருந்து வைக்க ஒரு நாள் சொல். ரோச்சின் அப்பாவிடம் நீங்கள் பேச வேண்டாம், நானே கீழவைப்பார் போய்க் கேட்கிறேன், அவர் என்னை வாசலில் நிறுத்தினாலும் நிற்பேன்.

கர்த்தர் உங்கள் இருவரையும் கண்மணிபோல் காப்பாராக. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. ஒரு கப்பைத் தட்டையாக அமுக்கி இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் தேதியை எழுதி அனுப்பு, மற்றக் கப்புகளில் நானே பேனாவால் எழுதிக்கொள்கிறேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா,
சா. ஜேசுதாசன்