ஹருயோ அக்கா, அது அவர் சொன்ன கதை இல்லை

என் பிரியமுள்ள ஹருயோ அக்காவுக்கு,

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. அழுது முடித்துவிட்டு எழுதலாம் என்றுதான் இருந்தேன். அழுகை வரவில்லை அக்கா, கோபம்தான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை இங்கே நெய்வேலி டவுன்ஷிப்பில் உங்களுக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். நம்ம ஊரில் இரண்டு வருஷம் குடியிருந்த ஜப்பான் நாவலாசிரியை என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். உங்கள் கணவர் அனுப்பிய கடிதத்தைத் தமிழில் ஒருவர் மேடையில் படித்தார். ‘என் மனைவிக்குச் சுரங்கம் பற்றி ஒன்றும் தெரியாது. வேலை முடிந்து வந்து நான் சொன்னதைக் கேட்டுத்தான் எழுதினாள்.’ கைதட்டினார்கள் அக்கா!

உங்களுக்கா சுரங்கம் தெரியாது? உங்கள் அம்மா அங்கே உங்கள் ஊர்ச் சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட் பக்கத்தில் நின்று கல் பொறுக்கியவர். அப்பா நெஞ்சில் கரித்தூசி அடைத்து, இருமி இருமியே செத்தவர். பதினாறு வயதில் தபாலாபீசில் வேலைக்குச் சேர்ந்து, சாப்பாட்டு நேரத்தில் அந்த மேஜையிலேயே எழுதியவர் நீங்கள். முதல் நாவலைத் திருப்பி அனுப்பிய பத்திரிகைக்காரர், சுரங்கம் ஆண்கள் சமாச்சாரம், நீ காதல் கதை எழுது என்றாராம். அடுத்ததை ஓர் ஆண் பெயரில் அனுப்பினீர்கள். உடனே போட்டுவிட்டார்கள். பாராட்டி வந்த கடிதமெல்லாம் ‘ஐயா’ என்று ஆரம்பித்ததைச் சொல்லி, என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மெஷின் பொருத்த வந்த இன்ஜினியரின் மனைவியாக எனக்கு அடுத்த குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தீர்கள். நான் அப்போது இங்கிலீஷ் டீச்சர். பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை அள்ளும் கான்ட்ராக்ட் பெண்களைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள்தான் கேட்டீர்கள். மந்தாரக்குப்பத்தில் அஞ்சலை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அவள் பேசுவாள், நான் இங்கிலீஷில் சொல்லுவேன், நீங்கள் உங்கள் மொழியில் எழுதிக்கொள்வீர்கள். அப்படியே ஐந்து நோட்டு நிறைந்தது.

ஒரு மத்தியானம் அந்த ஐந்து நோட்டையும் ஈரம் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றீர்கள். இன்ஜினியர் பெண்டாட்டி கூலிக்காரிகள் வீட்டில் போய் உட்காருகிறாளே என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசினார்களாம். உங்கள் கணவர் துணி ஊறிய பக்கெட்டில் நோட்டுகளை அமுக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நாம் மொட்டைமாடியில் தாள் தாளாகப் பிரித்துக் காயவைத்தோம். மை கரைந்து ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

நீங்கள் அவரைத் திட்டவில்லை. “யார்கிட்டயும் சொல்லாதே விஜயா. என் மகளுக்கு இது தெரியவே கூடாது” என்றீர்கள். அவ்வளவுதான்.

விஷயம் அஞ்சலைக்கு மட்டும் தெரியும். மாடிக்கு வந்து தாள்களைப் பார்த்தாள். “இதுக்கா இப்பிடிக் குந்திக்கினு இருக்கீங்க? எனுக்கு வாயி இருக்குதில்ல? மொதல்லேர்ந்து சொல்றேன், எழுதிக்கங்க” என்றாள். ஷிஃப்ட் முடிந்த களைப்போடு வந்து வந்து, எல்லாவற்றையும் இரண்டாம் தடவை சொன்னாள். அந்தப் புது நோட்டுகளை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அவற்றை வைத்து எழுதியதுதான் உங்கள் சொந்தப் பெயரில் வந்த முதல் நாவல். பரிசும் பேரும் அதற்குத்தான் வந்தன. அதன் பிறகு ஆறு நாவல் எழுதினீர்கள். அஞ்சலை சொல்லி எழுதிய நாவலின் இங்கிலீஷ் பதிப்பு எனக்குத் தபாலில் வந்தது. அதில், பனி பெய்கிற ஊரில் ஒரு ஜப்பான்காரி அஞ்சலையின் பேச்சைப் பேசினாள். ஒரே மூச்சில் படித்து முடித்தேன். பிறகு முதல் பக்கத்தைத் திருப்பினேன். ‘சுரங்கத்தை எனக்குக் காட்டிய என் கணவருக்கு.’

ஏன் அக்கா? யார் கேட்டார்கள் அந்த வரியை? பயமா? தொடர்ந்து எழுத அவர் விட வேண்டுமே என்றா? கேட்டு எழுதினேன். உங்கள் ஊரில் மழை பெய்வதைப் பற்றிப் பதில் எழுதினீர்கள்.

அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்கு அவர் இப்படி எழுதுகிறார். கூட்டத்தில் நான் எழுந்துவிட்டேன். “நிறுத்துங்க, அது பொய்” என்றேன்.

“மேடம், இது அஞ்சலிக் கூட்டம். அவங்க குடும்ப விஷயம் நமக்கு வேணாமே” என்றார் கூட்டம் நடத்தியவர்.

வேண்டும் என்று சொல்லி, பக்கெட் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். பின்னாலிருந்து ஒரு குரல், “இத்தன வருஷமா எங்க போயிருந்தீங்க?” என்றது. 

என்னோடு வந்திருந்த அஞ்சலை முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முழங்கால் வலி அவளுக்கு. “அந்த ஆளு எங்க வூட்டுப் பக்கம் எட்டிப் பாத்ததே கெடையாதுங்க. அந்தம்மாதான் எங்கூடத் தரையில குந்திக்கினு எழுதிக்கினே இருக்கும். நான் பட்டத நான் சொன்னேன். அவுரு எப்பிடிங்க சொல்லியிருப்பாரு?”

யாரும் கைதட்டவில்லை. மேடையிலிருந்தவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

யாரோ அதை வீடியோ எடுத்து, இங்கிலீஷில் எழுத்துப் போட்டு நெட்டில் விட்டிருக்கிறார்கள். நேற்று உங்கள் மகள் மியோ போன் செய்தாள். “நோட்டு விஷயம் உண்மையா?” என்று கேட்டாள். அவளுக்குத் தெரியக் கூடாது என்ற முப்பத்தைந்து வருஷ வாக்கை மீறி, உண்மை என்று சொல்லிவிட்டேன்.

 “அம்மா எப்போதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் எழுதுவாள். நான் உள்ளே வருவது பிடிக்கவில்லை என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன்” என்று சொல்லி அழுதாள். அவள் மனசு நோகக் கூடாது என்றுதானே மறைத்தீர்கள்? பாருங்கள், என்ன ஆகியிருக்கிறது என்று. நீங்களும் நானும் சேர்ந்து செய்தது இது.

நாவலின் அடுத்த பதிப்புக்கு நடந்ததை எழுதித் தரும்படி மியோ கேட்டிருக்கிறாள். எழுதுவேன். அஞ்சலையின் பெயர் அதில் இருக்கும். உங்கள் கணவர் செய்தது இருக்கும். நான் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்ததும் இருக்கும். வேண்டாம் விஜயா என்று நீங்களே எதிரே வந்து நின்றாலும் நிறுத்த மாட்டேன்.

உங்கள் பேச்சை முதல் தடவையாகத் தட்டிய தங்கை,
விஜயா
நெய்வேலி