நாளைக்கு வீட்டுக்கு

செவ்வாய்க்கிழமை, இரவு.

அம்மா இன்று முழுக்க ஜெர்மன் மொழியில்தான் பேசினார். அப்பாவைக் கட்டிக்கொண்டு ஜெர்மனியிலிருந்து ஆரையம்பதிக்கு வந்து, எங்களோடு தமிழில் மட்டுமே பேசிய மனுஷி. மறதி நோய் வந்தபின் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. அவர் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

பின்னேரம் குளிக்க வார்த்து, வாவிப் பக்கக் கதவடியில் இருத்தித் தலை துவட்டினேன். என் கையைப் பிடித்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். மகள் கீர்த்தனா போனை அவர் வாய்க்குக் கிட்டப் பிடித்தாள். அது தமிழில் மொழிபெயர்த்துக் காட்டியதை இரண்டு தரம் வாசித்தாள்.

"என்ன கேக்கிறா புள்ள?"

"உங்கள ஆரெண்டு தெரியல்லம்மா அவவுக்கு. 'நீங்க நல்ல ஆள். என்ன எப்ப வீட்ட அனுப்புவீங்க? என்ட அம்மா தேடுவா' எண்டு கேக்கிறா."

அவர் பிடித்த கையை விடாமல், மற்றக் கையால் அவர் ஈரத் தலையைத் தடவினேன்.

"நாளைக்கு எண்டு சொல்லு."

"பொய்தானேம்மா?"

"சொல்லு புள்ள."

போன் அதை ஜெர்மனில் சொன்னது. அம்மா சிரித்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு! இரவு சோறும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். பிறகு தன் நல்ல சட்டையை எடுத்து மடித்து, தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டார்.

விடியும்போது அவர் இதை மறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். அம்மா ஒன்றை மறக்க வேண்டும் என்று நான் வேண்டுவது இதுதான் முதல் தரம்.