வாப்பா சொன்ன கொக்கு

கோலாலம்பூர்

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? உம்மா மருந்தை ஒழுங்காக எடுக்கிறாவா? நான் நலம்.

சனிக்கிழமை ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தேன். கடவுச்சீட்டு விசாவுக்காகப் பல்கலைக்கழக அலுவலகத்தில் இருந்தது. எழும்பப் போகையில் பக்கத்து மேசைக்காரர் தொலைபேசியில், "மச்சான், வாசல்ல கொக்கு நிக்கிது, இப்ப வராத" என்றார். பொலிஸ் என்று விளங்கியது. மறுபடி உட்கார்ந்து இன்னொரு தேநீர் சொன்னேன். பொலிஸ்காரர்கள் போன பிறகே எழும்பினேன். பயப்படாதீர்கள், கடவுச்சீட்டு நேற்றுக் கிடைத்துவிட்டது.

அந்தப் பக்கத்து மேசைக்காரர் நம்ம அக்கரைப்பற்றுக்காரர். "ஆரு சொன்ன சொல்லு இது?" என்று கேட்டேன்.

"பழைய சொல்லு தங்கச்சி. ஆரு முதல்ல சொன்னதெண்டு ஆருக்குத் தெரியும்?"

மாவடிப்பள்ளி வயலோரம் வெள்ளைக் கையுறையோடு அசையாமல் நின்ற பொலிஸ்காரரைக் கண்டு, ஹெல்மெட் இல்லாமல் எதிரே வந்த பஸால் மாமாவுக்கு நீங்கள் 'கொக்கு நிக்கிது' என்று முதன்முதலாகக் கத்தியபோது, மோட்டார்சைக்கிளில் உங்கள் பின்னால் இருந்தவள் நான். மலாய்க்காரர் முன்பு பொலிஸைக் 'கண்' என்றார்களாம். அந்தச் சொல்லை முதலில் சொன்னவரின் பெயர் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவருக்கும் ஒரு மகள் இருந்திருப்பாள்.

அது உங்கள் சொல் என்பதை அக்கரைப்பற்றுக்காரரிடம் சொல்லாமல், தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

கொஞ்சம் மிளகாய்த்தூள் அனுப்புங்கள். வட்ஸ்அப்பில் குரல்பதிவும் அனுப்புங்கள், என்ன கதைத்தாலும் சரி. வகுப்புக்கு நேரமாகிவிட்டது. வஸ்ஸலாம்.

மகள் ஸிஹ்னா