படியில்லாத வாசக்கால்

1969, ஐப்பசி 2, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். வேலைக்குப் போகவில்லை. உளிகளைத் தீட்டினேன்.

இந்த நோட்டு கதவு, சன்னல் அளவு குறிக்க வாங்கியது. நடுவில் வீட்டு விஷயமும் எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரி விசாலம் ஆரம்பித்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"தீபாவளி கழிச்சு மதினி தேவகோட்டைக்குப் போயிருவாக. மக பிரசவம், வர மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள எனக்கு ஒரு குளிக்கிற ரூம் கட்டிக் குடுங்க. நானாப் போயி, நானாக் குளிச்சு, நானா வரணும்."

என் அக்காள் போனால் குளிப்பாட்ட வேறு ஆள் வைத்துக்கொள்ளலாமே என்றேன்.

"வேற ஆளா? மூணு வருசமா என் உடம்ப அடுத்தவுக கையில குடுத்துட்டு உக்காந்திருக்கேன். இன்னும் ஒருத்தியா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மூன்று வருஷம் முன்பு பரணிலிருந்து அண்டா இறக்கும்போது ஏணி சறுக்கி விழுந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மதுரையில் பார்த்த டாக்டர், இனி இப்படித்தான் என்றுவிட்டார். சக்கரப் பலகை நான் செய்தது. தாழ்வான பலகை, அடியில் நாலு பேரிங். அதில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தரையைத் தள்ளிப் போவாள். வாசல்படிகளுக்கு இரண்டு பக்கமும் சாய்வுப் பலகை போட்டிருக்கிறேன். அடுப்படி முழுக்க அவள் ராஜ்யம். குளிக்க மட்டும் நான் கிணற்றடிக்குத் தூக்கிப் போவேன், என் அக்காள் குளிப்பாட்டுவாள். கீற்றுத் தட்டி மறைப்பு. காற்றடித்தால் அதுவும் இல்லை.

ஐப்பசி 4, செவ்வாய்

வெயில். கொத்தனார் கருப்பையா வந்தார். அடுப்படிப் பின்சுவரில் வழி உடைத்து, வெளியே ஒட்டினாற்போல் அறை. ஆறடிக்கு ஆறடி.

வி. சொன்னவை (பேரை முழுதாக எழுதினால் பென்சில் தேய்கிறது):

தரை, அடுப்படித் தரையோடு ஒரே மட்டம்.
தண்ணீர்த் தொட்டி தாழ்வாக. உட்கார்ந்தபடி கை எட்டணும்.
பலகை உயரத்துக்கே ஒரு குளிக்கிற கல். நகர்ந்து உட்கார.
சுவரில் பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய், இரண்டு.
தரை வழுவழுப்பு கூடவே கூடாது.

கடைசி விஷயத்துக்குக் கொத்தனார் (இனி கொ.) முகம் சுண்டிவிட்டது. "என்னத்தா இப்படிச் சொல்ற. தரையில முகம் பாக்குற மாதிரி தேச்சுக் குடுக்குற கை இது."

"முகம் பாக்கக் கண்ணாடி இருக்குண்ணே. நா வழுக்கி விழுந்தா நீங்களா வந்து தூக்குவீக?"

கொ. வாயை மூடிக்கொண்டு நூல் பிடிக்கப் போனார். எனக்குச் சிரிப்பு. அடக்கினேன், நல்ல ஆள் கிடைப்பது கஷ்டம்.

ஐப்பசி 6, வியாழன்

மறுபடி மழை. பாதிச் சுவரைக் கீற்றுப் போட்டு மூடியிருக்கிறது.

அக்காளுக்கு வருத்தம். பட்டறைக்கே வந்துவிட்டாள். "ஏன்டா தம்பி, எங் கை காந்துதாமா அவளுக்கு? கண்ணுல ஒரு துளி படாமச் சீயக்கா தேய்ப்பேனேடா."

அப்படியெல்லாம் இல்லையக்கா என்றேன். வேறு என்ன சொல்ல. அவள் முதுகு வலியோடு குனிந்து குனிந்து செய்தது எனக்குத் தெரியாதா.

ஒன்று நினைவுக்கு வந்தது. தூக்கிப் போகும்போதெல்லாம் வி. முகத்தைத் திருப்பிக்கொண்டு தென்னை மரத்தையே பார்ப்பாள். வெயில் கூசுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மழை நாளிலும் அப்படித்தான் பார்ப்பாள். மூன்று வருஷம் ஆகியிருக்கிறது எனக்கு இது உறைக்க.

ஐப்பசி 10, திங்கள்

மழை விட்டது. ஒன்பது மணிக்கு மேல் நல்ல நேரம். வாசக்கால் நிறுத்தினோம்.

வேப்ப மரம். நாலு சட்டமும் நானே இழைத்தது. அகலம் மூன்றடி. பலகை, பலகைக்கு வெளியே தள்ளுகிற இரண்டு கை, எல்லாம் சேர்த்து அளந்தது. மூலைப் பொருத்தில் நகம் நுழையாது. ஊரார் வீட்டுக்கு எத்தனையோ நிறுத்தியிருக்கிறேன், இப்படி ஒன்று அமைந்ததில்லை. மஞ்சள், குங்குமம், மாவிலை. தேங்காய் சரிபாதி.

"குளிக்கிற ரூம்புக்கெல்லாமாடா பூசை?" என்ற அக்காள்தான் படிக்குப் பொட்டு வைத்தாள். கொ. கூட, "ஆசாரி கை ஆசாரி கைதான்" என்றார். வி.யைக் கூப்பிட்டேன். பால் பொங்குது, நாளைக்குப் பார்க்கிறேன் என்றாள். பாயசத்தில் ஏலம் அதிகம்.

ஐப்பசி 11, செவ்வாய்

வி. பார்த்தாள்.

சக்கரப் பலகை கடகடவென்று வந்தது. வாசக்காலில் இடித்து நின்றது. படி. நாலு அங்குலம்.

படியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அழகா இருக்குங்க" என்றாள். திரும்பிப் போய்விட்டாள்.

திட்டியிருக்கலாம்.

அகலம் அளந்தேன், கை அளந்தேன். ஒரே மட்டம் என்று இதே நோட்டில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அதன் மேல் படியையும் என் கையாலேயே வைத்திருக்கிறேன். வாசக்கால் என்றால் நாலு சட்டம், அடிச்சட்டம்தான் படி. கை அதைத்தான் செய்யும், மூளையைக் கேட்காது. கொ.வும் கேட்கவில்லை, பொட்டு வைத்த அக்காளும் கேட்கவில்லை. மூன்று மடையர்கள், ஒரு தேங்காய்.

ஐப்பசி 12, புதன்

சாய்வுப் பலகை போட்டுப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றி, நானே சக்கரப் பலகையில் உட்கார்ந்து இறங்கினேன். சறுக்கி நேரே தொட்டியில் முட்டினேன். முழங்கை சிராய்ப்பு. ஆகாது.

மரமறுக்கும் வாளை எடுத்தேன். அக்காள் ஓடி வந்தாள். "பொட்டு வச்ச படிடா! மூணு சட்டத்துல ஒரு வாசலா? உன் தொழிலுக்கு ஆகுமாடா?"

படியில் உட்கார்ந்ததற்காகச் சின்ன வயதில் அப்பாவிடம் அடி வாங்கியவன் நான். அடுப்படியில் அம்மிச் சத்தம் நின்றிருந்தது. வி. "அறுங்க" என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அறுத்தேன். மரத்தூளில் மஞ்சள் வாசம். இரண்டு காலும் ஆடாமல் இருக்க இரும்புப் பட்டை அடித்துக் கொ. சிமெண்டு வைத்தார்.

அம்மிச் சத்தம் மறுபடி கேட்டது.

ஐப்பசி 16, ஞாயிறு

கதவு மாட்டினேன். வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி. உள்ளே அவள் விழுந்து கிடந்தால் கதவு தடுக்கக் கூடாது. என் புத்திக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

வி. உள்ளே போனாள், தானாகவே. சுற்றினாள், குழாயைப் பிடித்துப் பார்த்தாள், கல்லுக்கு நகர்ந்தாள். பிறகு:

"உள்தாழ்ப்பாள் எங்க?"

"எதுக்கு? நாங்க யாரு வரப்போறோம்?"

"எதுக்கா? நீங்க குளிக்கப் போனா தாழ்ப்பாள் போடுறதில்ல?"

"விழுந்துட்டா?"

"விழுந்தா கத்துறேன். வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு?"

கத்த முடியாமல் விழுந்தால் என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை. ஏணியிலிருந்து விழுந்த அன்று அவள் கத்தவில்லை. எவ்வளவு நேரம் கிடந்தாளோ. பக்கத்துப் பட்டறையில்தான் நான் இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி 19, புதன்

அறுத்தெடுத்த படி மரத்திலேயே தாழ்ப்பாள் சீவினேன். மேலிருந்து விழுந்து படிகிற வகை. உட்கார்ந்த வாக்கில் கை எட்டும்.

இன்னொன்றும் செய்தேன். அவள் மத்தியானம் கண்ணயர்ந்தபோது, தாழ்ப்பாளுக்கு அடியில் கதவில் மெல்லிய கீறல் துளை. வெளியிலிருந்து ஒரு இரும்புத் தகட்டை விட்டு நெம்பினால் தாழ்ப்பாள் தூக்கும். இரண்டு தரம் பார்த்தேன், தூக்குகிறது. வெளிப்பக்கம் வர்ணம் பூசிவிட்டேன். தெரியவில்லை.

அவளிடம் சொல்லவில்லை. தகடு என் இடுப்பில்.

செய்தது சரியா என்று தெரியவில்லை.

ஐப்பசி 22, சனி. தீபாவளி

விடியற்காலையில் மழை இல்லை. தெருவில் ஒரே வெடி.

அக்காள் வி. தலையில் எண்ணெய் வைத்தாள். மூன்று விரல் தொட்டு, வழக்கம்போல. வி., "போதும் மதினி, இனி நா பாத்துக்கிறேன்" என்றாள். அக்காள் கையில் மிச்ச எண்ணெய். தன் தலையிலேயே தடவிக்கொண்டு, "சீயக்கா கண்ணுல படாமத் தேய்யி ஆத்தா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

வெந்நீரை முன்னமே தொட்டியில் ஊற்றி வைத்திருந்தேன். வி. உள்ளே போனாள். கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழுந்தது. நான் செய்த தாழ்ப்பாள், நல்ல சத்தம்.

தண்ணீர் ஊற்றும் சத்தம். செம்பு. மறுபடி தண்ணீர். பிறகு ஒன்றுமில்லை.

ஒன்றுமே இல்லை. வெளியே வெடி. காதைக் கதவில் வைத்தேன். "விசாலம்" என்றேன், வெடிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. தகட்டை எடுத்தேன். துளையில் விட்டேன்.

"அந்தத் தகட்ட எடுங்க. நா இன்னும் முடிக்கல."

உயிர் போய் உயிர் வந்தது. வெட்கமும் கூடவே வந்தது.

"எப்படித் தெரியும்?"

"பகல்ல கதவச் சாத்துனா எங் கண்ணுக்கு நேரா வெளிச்சம் அடிக்கிது. நீங்க நின்னு பாத்திருப்பீக. உக்காந்து பாத்தீகளா?"

"அப்ப ஏன் சத்தமே இல்ல?"

செம்பைக் கல்லில் வைக்கிற சத்தம் கேட்டது.

"எங் கால நா தேய்ச்சு மூணு வருசமாச்சு. உணர்ச்சி இல்லாட்டாலும் எங் காலு. ஒரு காலுக்குக் கொஞ்ச நேரமாவது வேணாமா? போங்க அங்குட்டு."

போனேன். அக்காளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அதிரசத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

தலையில் துண்டோடு வந்தாள், தானே தள்ளிக்கொண்டு. துளையை இன்றே அடைத்துவிடுகிறேன் என்றேன். யோசித்தாள்.

"வேணாம். கதவுக்கு வெளிய ஒரு ஆணி அடிச்சு அந்தத் தகட்ட மாட்டி வைங்க. நா கூப்புட்டா எடுங்க. கூப்புடாம எடுத்தீகளோ, அப்பறம் இருக்கு."

ஆணி அடித்தேன்.

ஐப்பசி 23, ஞாயிறு

மேகமூட்டம். அக்காளைத் தேவகோட்டை பஸ் ஏற்றிவிட்டேன்.

வி. இன்றும் குளித்தாள், தாழ்ப்பாள் போட்டு. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

பார்த்தேன். முப்பத்தைந்து நிமிஷம். தகடு ஆணியிலேயே இருந்தது.