அண்ணாச்சி வந்தால் இரைகிற ஸ்பீக்கர்

3 மார்ச், 08:40
நிலவின் மறுபக்கம், நீர்த்தோண்டு நிலையம்

சுவரில் இருந்த அலார ஒலிபெருக்கி நேற்றோடு செத்துப்போனது. காற்று இயந்திரங்களில் ஏதாவது கோளாறு என்றால் கணினி கத்தும். அந்தக் கத்தலுக்கு ஒரு வாய் வேண்டும். உதிரிப் பெட்டியைக் கவிழ்த்ததில் ஒரு ஜோடி பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் கிடைத்தது. யார் வீட்டு மேஜையில் இருந்ததோ, ஒன்றின் நெற்றியில் மாம்பழ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. செருகினேன், பாடியது. இனி இதுதான் நம் காவல்.

இதை யார் எடுத்துப் படிப்பார்களோ தெரியாது, அதனால் அறிமுகம்: நான் சந்தனமாரி, கோவில்பட்டி. தகவல் தொடர்பு என் பொறுப்பு. கூட இருப்பவர் லூர்து அண்ணாச்சி, தூத்துக்குடி. கப்பல் எஞ்சினில் பழகிய கை, இங்கே இயந்திரமெல்லாம் அவர் பொறுப்பு. மூன்றாவது ஆள் கிடையாது. பூமி இங்கிருந்து தெரியாது. துணைக்கோள் தலைக்கு மேல் வரும்போது மட்டும் ஆன்டெனாவைத் திறப்பேன், பேசி முடித்ததும் மூடிவிடுவேன்.

4 மார்ச், 11:15

ஸ்பீக்கரில் இரைச்சல். டிக்-டிக்-டிக், டிக்-டிக்-டிக், டர்ர்ர். இந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அக்காவின் கம்ப்யூட்டர் சென்டரில் மேஜைமேல் செல்போன் இருந்தால், அது அடிப்பதற்கு முன்னாலேயே ஸ்பீக்கர் இப்படித்தான் முனகும்.

கணினியிலிருந்து வயரைப் பிடுங்கினேன். இரைச்சல் நிற்கவில்லை. ஒலியைப் பூஜ்யத்துக்குக் குறைத்தேன். அப்போதும் நிற்கவில்லை. அப்படியென்றால் கணினிமேல் குற்றமில்லை; ஸ்பீக்கருக்குள் இருக்கும் சர்க்யூட் காற்றில் வரும் ரேடியோ அலையைப் பிடிக்கிறது. மலிவுப் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே தகரத் தடுப்பு எதுவும் இல்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தின் அலுமினியத் தாளைச் சுற்றியதும் பாதி குறைந்தது.

சரி, அலையை யார் அனுப்புகிறார்கள்? ஆன்டெனா மூடியிருக்கிறது, மூடியது நான்தான். செல்போனுக்கு இங்கே என்ன வேலை? பூமியில் இருக்கும் தரைக்கட்டுப்பாட்டுக்கு எழுதிப்போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திர அறையில் இருந்த அண்ணாச்சியிடமும் இன்டர்காமில் சொன்னேன்.

"எம்மா மாரி, பழைய சாமான்னா எரையத்தான் செய்யும். சும்மா அதப் போட்டு நோண்டிக்கிட்டு இருக்காத."

கெட்டுப்போன டார்ச் லைட்டைக் கண்டால்கூட ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்துவிடுகிற மனிதர் இதை மட்டும் நோண்டாதே என்கிறார். எலி சும்மாவா அம்மணமாக ஓடும்?

6 மார்ச், 10:05

முதல் காற்று இயந்திரம் நின்றுவிட்டது. உள்ளே எரிந்துபோயிருக்கிறது, இனி ஆகாது. இரண்டாவது அரை வேகத்தில் ஓடுகிறது. அதன் சூட்டை வெளியேற்றுகிற தகடுகள் வெளியே நிலவுத் தூசி மண்டிக் கிடக்கின்றன. தரைக்கட்டுப்பாடு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"மீட்புக் கலம் ஏப்ரலுக்கு முன் வர இயலாது. இரண்டாவது இயந்திரத்தின் இப்போதைய நிலையில் அதுவரை ஒருவருக்கு மட்டுமே காற்று போதும். வழி தேடிக்கொண்டிருக்கிறோம்."

இருவரும் ஒன்றாக நின்றுதான் கேட்டோம். அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அவர் ஸ்பீக்கரைத் தாண்டிப் போனபோது, சுற்றியிருந்த தாளையும் மீறி டிக்-டிக்-டிக் கேட்டது.

7 மார்ச், 14:20

தாளைப் பிரித்துவிட்டேன். இப்போது அது இரைய வேண்டும், எனக்கு அதுதான் தேவை. ஸ்பீக்கரைப் பேட்டரியில் மாட்டிக் கையில் தூக்கிக்கொண்டு நிலையம் முழுக்க நடந்தேன். சமையலறையில் அமைதி. கிடங்கில் அமைதி. அண்ணாச்சி படுக்கும் அறை வாசலில் முனகியது. அவர் கதவைத் திறந்து வெளியே வந்ததும் கத்தியது. என் கையில் இருந்ததைப் பார்த்தார், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்குத் தெரியாமல் ஏதோ கருவியை வைத்துக்கொண்டு பேசுகிறார். யாரிடம்? துணைக்கோள் வழியாகத் தரையிடம்தான். எதைப் பற்றி? காற்று ஒருவருக்குத்தான் போதும் என்று சொன்ன மறுநாள் என்னத்தைப் பற்றிப் பேசுவார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் கொடுத்த காபியை இன்று சிங்க்கில் ஊற்றினேன்.

8 மார்ச், 09:30

தகடுகளைத் துடைக்க வெளியே போயிருக்கிறார். தனியாக. இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்பது விதி. கேட்டதற்கு, "நீ உள்ள கெட தாயி, ஒரு உடுப்புக் காத்தாவது மிச்சம்" என்றார். என்ன கரிசனம்!

அவர் போனதும் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொண்டது. அவர் அறையைச் சோதித்தேன். பனிமய மாதா படம், மகளின் போட்டோ, பெயர் சுரண்டிய மாத்திரை அட்டை. கருவி இல்லை. அப்படியானால் உடம்போடுதான் வைத்திருக்கிறார்.

8 மார்ச், 11:50

திரும்பி வந்து இரட்டைக் கதவு அறைக்குள், உள்கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். அந்த அறைக்குக் காற்று விடுகிற விசை என் பக்கம். நான் திறக்கவில்லை. இன்டர்காம் பதிவு:

"மாரி, கதவத் தொற."

"மொதல்ல சொல்லுங்க அண்ணாச்சி. யாருகிட்ட பேசுதீக?"

"யாருகிட்டயும் பேசல. மாதா மேல சத்தியம்."

"அப்ப சட்டைக்குள்ள என்ன இருக்கு?"

"தொற தாயி. உள்ள வந்து சொல்லுதேன்."

"இப்பச் சொல்லுங்க. சொன்னாத்தான் தொறப்பேன்."

கதவின் கண்ணாடியை ஒட்டி ஸ்பீக்கரைப் பிடித்தேன். ஓயாமல் அலறுகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். எனக்கு முன்னால் நின்றுகொண்டே அனுப்புகிறார்! என்ன நெஞ்சழுத்தம் இந்த ஆளுக்கு. உடுப்பில் காற்றின் அளவைக் காட்டும் முள் சிவப்பைத் தொடுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உண்மை வரட்டும் என்று நின்றேன்.

8 மார்ச், 12:25

காற்றை விட்டுக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் உண்மையைச் சொன்னதால் அல்ல, திறக்கச் சொல்லிக் கேட்பதை நிறுத்திவிட்டதால்.

கதவில் சாய்ந்திருந்தவர் அப்படியே உள்ளே சரிந்தார். தலைக்கவசத்தைக் கழற்றினேன். உதடு நீலம். உடுப்பைக் கழற்றிச் சட்டையைக் கிழித்துப் பார்த்தேன். இடது தோள் எலும்புக்குக் கீழே விரலளவு தழும்பு, தோலுக்கடியில் தட்டையாக ஏதோ ஒன்று.

"நெஞ்சுக்குப் பேஸ்மேக்கர் பெட்டி வச்சிருக்கு மாரி. கடைசிப் பரிசோதனை முடிஞ்ச பொறவு வச்சது. சொன்னா மேல அனுப்பமாட்டாகன்னு சொல்லல. சும்மா இருக்கையில அப்பப்ப ஒரு சேதி அனுப்பும். நெஞ்சு தடுமாறுனா ஓயாமக் கத்தும். நெஞ்சே நின்னுட்டா அதுவும் நின்னுரும்."

அந்தச் சேதியைக் கேட்கிற கருவி தூத்துக்குடியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கிறதாம். இங்கே அதைக் கேட்டது இந்த ஸ்பீக்கர் ஒன்றுதான். கதவுக்கு இந்தப் பக்கம் என் கையில் அலறியது அந்தக் கத்தல்தான்.

எங்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே என்று கத்தினேன். அவர் சொன்னது:

"ஒத்த ஆளுக்குத்தான் காத்துன்னு வந்துட்டு. சீக்காளிய வச்சுக்கிடுவியா நீ? ஒன்னயத்தான் பயந்தேன்."

அடப்பாவி மனுசா. நான் உங்களைப் பயந்தேன்.

8 மார்ச், 15:00

தரைக்கட்டுப்பாடு:

"மகிழ்ச்சியான செய்தி. தகடுகள் சுத்தமானதும் இரண்டாவது இயந்திரம் முழு வேகம் பிடித்துவிட்டது. கலம் வரும்வரை இருவருக்கும் காற்று போதும். லூர்து அவர்களுக்கு எங்கள் பாராட்டு. ஸ்பீக்கர் இரைச்சல் என்னவாயிற்று?"

டாக்டரைக் கூப்பிடுங்கள், உடனே கூப்பிடுங்கள் என்றேன். பதில் வருவதற்குள் துணைக்கோள் இறங்கிவிட்டது. அடுத்தது இரவு வரும்.

8 மார்ச், 16:35

அட்டையில் இருந்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தேன். அது எதற்கான மாத்திரை என்றுகூட எனக்குத் தெரியாது. அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. ஸ்பீக்கரை அவர் மார்புக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரம் ஓயாமல் அலறியது, அப்புறம் அடங்கியது. இப்போது அவ்வப்போது ஒரு டிக்-டிக்-டிக். அவ்வப்போது என்றால் நல்லது என்றுதானே சொன்னார்? இரையட்டும். விடிய விடிய இரையட்டும், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

8 மார்ச், 17:40

கடைசியாக எப்போது கேட்டது என்று குறித்துவைக்கவில்லை.

நாடி பார்க்கத் தெரியாதா என்று படிப்பவர் கேட்கலாம். தெரியும். கை போகமாட்டேன் என்கிறது.

ஒலியை முழுக்கத் திறந்தேன். பேட்டரியை மாற்றினேன். வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். வேறு அலையையாவது பிடிக்கிறதா என்று பார்க்க ஆன்டெனாவைத் திறந்து மூடினேன். டர்ர்ர் என்று உடனே கத்தியது.

ஸ்பீக்கரில் எந்தக் கோளாறும் இல்லை.