‘உண்டு’ என்று எழுதியவள்

மார்ச் 4
சட்டசபைச் செயலாளர் இரண்டு மணிக்கு வந்து, மூன்றுக்குள் குறிப்பு வேண்டும் என்றார். பதில் சொல்லாத சாட்சியைக் காவலில் வைக்கச் சபைக்கு அதிகாரம் உண்டா? அரசியல் சாசனத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. இந்த மாதிரிக் கேள்விக்கு எங்கள் ஆய்வுப் பிரிவில் ‘உண்டு’ என்று ஒரு குறிப்பு, ‘இல்லை’ என்று ஒரு குறிப்பு, இரண்டையும் சேர்த்தே கொடுப்பது வழக்கம். “உண்டு மட்டும் போதும்மா, இன்னொண்ணு அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். கொடுத்துவிட்டேன். விசாரிக்கும் அதிகாரம் இருந்தால் பதில் வாங்கும் அதிகாரமும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று எழுதினேன். நல்லா வந்திருக்குன்னு எனக்கே பெருமை வேற.

மார்ச் 9
சபையின் விசாரணைக் குழு முதலில் கூப்பிட்டிருப்பது அண்ணனை!

அவன் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறான். தண்ணீரில் ஈயம் கலந்திருக்கிறது என்ற அறிக்கை பத்திரிகைக்குப் போய்விட்டது. கொடுத்தது யார் என்று அவனுக்குத் தெரியும். சொல்ல மாட்டான், பிடிச்ச பிடி விடமாட்டான். “நீ அங்கதானே இருக்க, அவரை உள்ள வைக்க அவங்களால முடியுமா?” என்று அண்ணி கேட்டாள். சாசனத்துல அப்படி எதுவும் இல்லை அண்ணி என்றேன். பொய்யில்லை. பொய்யில்லையா?

மார்ச் 10
என் குறிப்பின் நகலை எடுத்து மூன்று தடவை படித்தேன்.

மார்ச் 12
குழுவிடம் அண்ணன் வாயே திறக்கவில்லையாம். இன்று சபையில் விவாதம். எழுதாத அதிகாரத்தை இருக்குன்னு எடுத்துக்கிட்டா எங்க போய் நிறுத்துவீங்க என்று எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கேட்டார். ஆளுங்கட்சித் தலைவர் எழுந்து என் குறிப்பை வாசித்தார். என் வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல். மேஜையைத் தட்டினார்கள்.

தீர்மானம் நிறைவேறிவிட்டது. பதில் சொல்லும்வரை காவல். சொல்லும்வரை என்றால்? ஒரு வாரமா, ஒரு வருஷமா? பாவி, அதைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதலையே.

மார்ச் 13
‘இல்லை’ குறிப்பை எழுதி முடித்தேன், ஒன்பது பக்கம். கேட்கிற அதிகாரம் வேறு, பூட்டுகிற அதிகாரம் வேறு. பூட்டுவது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் உறுப்பினர் யாராவது கேட்டால்தான் குறிப்பு வெளியே போகலாம். யாரும் கேட்கவில்லை.

குறிப்பை எடுத்துக்கொண்டு அண்ணனின் வக்கீல் வீட்டுக்கு நடந்தே போனேன். வழி முழுக்க யாரோ பின்னால் வருகிற மாதிரியே இருந்தது. அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க, தெரியும்ல?” என்றார்.

தெரியும்.

மார்ச் 17
காவலுக்கு நீதிமன்றம் தடை போட்டிருக்கிறது. அண்ணனுக்கு மட்டும். அதிகாரம் உண்டா இல்லையா என்பதை அப்புறம் பார்ப்பார்களாம்.

வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, முதல் குறிப்பும் நான் எழுதியதுதான் என்று சொல்லிவிட்டேன். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 20
விசாரணைக் குழுவின் அழைப்பாணை. என் பெயருக்கு. இரண்டாவது குறிப்பு வெளியே போனது எப்படி என்று திங்கட்கிழமை சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் காவல். பயமா இருக்கு, ரொம்ப பயமா இருக்கு.

அங்கே உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அண்ணனிடம் கேட்டேன். “நாற்காலி தாழ்வா இருக்கும். அவங்க எல்லாரும் மேல இருப்பாங்க. நிமிர்ந்து உக்காரு” என்றான்.

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், “நானும் வர்றேன். வெளியில உக்காந்திருக்கேன்” என்றாள். மூன்று நாளைக்கு அப்புறம் என்னோடு பேசினது இதுதான்.