நீ சொன்ன ‘விடுங்க’

மார்ச் 4

சகலைக்கு,

இங்கு நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். அடிபட்டது நாம் பாதிப் பாதி போட்டு வாங்கிய விமானத்துக்குத்தானே.

போனில் உன்னிடம் பேச முடியாது. நீ சிரித்துப் பேச்சை மாற்றுவாய், நான் கத்துவேன், உன் அண்ணி போனைப் பிடுங்கிக்கொள்வாள். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

“அண்ணன் நடுவானத்துல ஸ்டிக்கை விட்டுட்டாரு” என்று சொல்லிக்கொண்டு திரிகிறாயாமே? உன் மனைவி அவள் அக்காவிடம் சொல்ல, அக்கா அதை எனக்குக் காப்பியோடு கொண்டுவந்து கொடுத்தாள்.

நடந்தது என்ன? நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும் பயணம். வருடக்கணக்காகத் திட்டம் போட்டவன் நான். வரைபடத்தில் பென்சில் கோடு போட்டவன் நான். ஓட்டுகிறவன் உட்காரும் இடது சீட் என்னுடையது. கீழே ரயில் பாதை தெரிந்தது. அதை ஒட்டியே போனால் பெட்ரோல் போடும் ஊர் வந்துவிடும் என்றேன்.

“அது வாய்க்கால்ண்ணே” என்றாய்.

தண்டவாளம் என்றேன். வாய்க்கால் என்றாய். அப்புறம் சலித்துக்கொண்டு, “சரி, விடுங்கண்ணே” என்றாய்.

விட்டேன்.

ஓட்டுகிறவனிடம் ‘விடுங்க’ என்றால் என்ன அர்த்தம்? ‘கையை எடு, இனி நான் ஓட்டுகிறேன்’ என்று அர்த்தம். நாம் பேசி வைத்ததே அதுதான். ஓட்டும் ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. என் மடியில் கிடந்த வெயில் மெல்ல நகர்ந்து உன் சட்டைப்பைக்குப் போன பிறகுதான், வண்டியை யாரும் ஓட்டவில்லை என்று தெரிந்தது.

இதில் என் தப்பு எங்கே? எழுது.

மூத்த சகலை

மார்ச் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். கடிதம் கண்டேன். நாலு இடத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது, கை வலிக்கவில்லையே?

நான் ‘விடுங்க’ என்றது ஸ்டிக்கை இல்லை, பேச்சை. சண்டையை விடுங்க என்றேன். சாப்பாட்டு மேசையில் எப்போதும் சொல்வதுதான். அங்கே சொன்னால் தட்டையா கீழே போடுகிறீர்கள்?

இன்னொன்றும் பேசி வைத்திருந்தோம். விடுகிறவர் ‘விட்டேன்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர் ‘பிடிச்சேன்’ என்று சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். நானும் அந்தப் பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உம்மென்று இருந்தேன், அது என் தப்பு. இரண்டு கிழவர்கள் கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு ஜன்னலில். நினைத்தால் சிரிப்பு வருகிறது. விமானம் தானாகத் தாழ்ந்துபோனதில் மின்கம்பிகள் எவ்வளவு பக்கத்தில் இருந்தன என்று நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

விமானத்தில் வயலுக்கு மருந்து தெளிக்கும் கம்பெனிக்காரர்களின் ஓடுபாதை அங்கே இருந்ததால், அதில் இறங்கிப் பிழைத்தோம். முன்சக்கரம் மட்டும்தான் வளைந்தது.

அண்ணா, கோபப்படாமல் படியுங்கள். அது வாய்க்கால்தான். அந்த ஓடுபாதைக் காவல்காரரிடம் கேட்டேன், அந்தப் பக்கம் ரயிலே கிடையாதாம். போன மாதம் நம் ஓடுதளத்தில் நின்ற டிராக்டரையும் நீங்கள் பார்க்கவில்லை. நான்தான் பிரேக் போட்டேன், அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. கண்ணைக் காட்டுங்கள். இடது சீட்டை இனி விடுங்கள்.

அன்புடன்,
சின்னவன்

மார்ச் 15

சகலைக்கு,

மறுபடியும் அதே சொல்லா? ஒரு தடவை சொல்லி வானத்திலிருந்து இறக்கினாய். இப்போது மொத்தமாகவே இறக்கப் பார்க்கிறாய்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விமானப் புத்தகத்தை வரி வரியாகப் படித்துப் பரீட்சை எழுதினேன். லேத் பட்டறைக்காரனுக்கு எதற்கு ஆகாயம் என்று உன் மாமனார்தான் முதலில் சிரித்தார். அவர் எனக்கும் மாமனார் என்பதால் பொறுத்துக்கொண்டேன். உன்னைப் பொறுத்துக்கொள்ள எனக்கு ஒரு அவசியமும் இல்லை.

டிராக்டர் நிற்கக் கூடாத இடத்தில் நின்றது. காவல்காரருக்கு ரயிலைப் பற்றி என்ன தெரியும்? என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. விமானத்தில் என் பாதியை விற்கப்போகிறேன். உன்னோடு இனி சைக்கிளில்கூட ஏற மாட்டேன்.

இப்படிக்கு,
உன் மனைவியின் அக்காள் புருஷன்

மார்ச் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

சக்கரம் சரியாகிவிட்டது. வருகிற சனிக்கிழமை காலை அந்த ஓடுபாதைக்குப் போய் விமானத்தை எடுத்துவரப் போகிறேன். தனியாகப் போக எனக்குப் பயமில்லை. ஆனால் இத்தனை தூரம் பக்கத்தில் யாரும் திட்டாமல் ஓட்டிப் பழக்கமில்லை.

பஸ்ஸில் இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறேன். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

அன்புடன்,
சின்னவன்

மார்ச் 27

சகலைக்கு,

உன் அண்ணி என்னை இழுத்துக்கொண்டுபோய்க் கண் டாக்டரிடம் உட்கார வைத்தாள். அந்தப் பெண்ணுக்கு நம் கடைக்குட்டியின் வயதுதான் இருக்கும். சுவரில் கட்டம் போட்ட தாளை மாட்டி, நேர்கோடு எப்படித் தெரிகிறது என்று கேட்டாள். வளைந்திருக்கிறது என்றேன். தாளை ஒழுங்காக மாட்டச் சொல்லிச் சண்டை போட்டேன். தாள் ஒழுங்காகத்தான் இருந்ததாம். இரண்டு கண்ணிலும் நடுவில் பழுது, வந்தது வந்ததுதான், திரும்பாது என்றாள். இந்த வயதில் அவளுக்கு இவ்வளவு நிச்சயம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

“பைலட்டா சார் நீங்க?” என்று கேட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இதுவும் உன்னால்தான்.

சனிக்கிழமை வருகிறேன். உனக்காக இல்லை, என் பாதியைப் பார்க்க. பஸ்ஸில் ஜன்னல் சீட் எனக்கு. விமானத்தில் இடது பக்கம் நீ உட்கார். ‘விடு’ என்ற சொல் அந்தக் கதவுக்கு வெளியிலேயே இருக்கட்டும். பேச்சை நிறுத்த வேண்டுமானால் ‘வாயை மூடுங்க’ என்று சொல், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அது தண்டவாளம்தான். நீ என்ன சொன்னாலும் தண்டவாளம்தான்.

அதைத் தாண்டும்போது, கீழே வயலைத் தவிர வேறு ஒன்றும் இல்லாத இடத்தில், ஒரே ஒரு தடவை ‘பிடிங்க’ என்று சொல். ‘பிடிச்சேன்’ என்று சத்தமாகச் சொல்லிப் பிடிப்பேன். திருப்பிக் கேட்கும்போது ‘விட்டேன்’ என்றும் வாய்விட்டுச் சொல்வேன்.

சொல்ல மனம் வராவிட்டால் சும்மா இரு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். இந்தத் தடவை நீ திரும்பாதே.

மூத்த சகலை